மாயாபஜாரும் புளியோதரையும்: வீட்டில் படமும் விருந்தும் வைக்கிற ஓர் இரவு

ஆகஸ்ட் 2, 2025 (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கேள்வி)

வீட்டுக்குச் சொந்தபந்தம், சிநேகிதர் என்று பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு, ஒரு படம் போட்டு, அந்தப் படத்துக்குப் பொருத்தமான சாப்பாடும் கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன். 'தீம்' என்று யூடியூபில் தேடினால் பலூன், தோரணம், மேசை விரிப்பு இவைதான் வருகின்றன. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? படம் ஓடும்போதே சோறு கறி பரிமாறினால் என்ன?

ஆகஸ்ட் 2, இரவு

பரிமாற வேண்டாம். நான் இருப்பது மட்டக்களப்பில், கல்லடிப் பக்கம். எங்கள் ஊரில் விருந்து என்றால் மீன் இல்லாமல் ஆகாது. விளக்கை அணைத்துவிட்டு ஒருவர் தட்டில் திரளி மீன் குழம்பை ஊற்றினால் அவருக்குப் படமும் தெரியாது, முள்ளும் தெரியாது. கையால் பிசைந்து சாப்பிடுகிற ஆட்களுக்கு வெளிச்சம் வேண்டும், கை கழுவ இடம் வேண்டும், "இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்ல ஒரு முகம் எதிரில் வேண்டும்.

பலூனும் தேவையில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு கறி வைக்கலாம். படத்தில் யாராவது எதையாவது சாப்பிடுவார்கள் அல்லவா, அதைச் சமைத்து வையுங்கள். திரையில் அது வரும்போது வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்குத் தெரிந்த தீம் அவ்வளவுதான்.

நேரம் என்று பார்த்தால் இடைவேளைதான். நம் படங்களில் அது கதைக்குள்ளேயே இருக்கிறது, எழுதும்போதே அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டிருப்பார்கள். வெளிநாட்டுப் படம் என்றால் நீங்களே முதலில் ஒருதரம் பார்த்து எங்கே நிறுத்துவது என்று குறித்து வைக்க வேண்டும். சும்மா நடுவில் நிறுத்தினால் பாதிப் பேர் கைபேசியை எடுத்துவிடுவார்கள், திரும்ப வரமாட்டார்கள்.

ஆகஸ்ட் 3

"நண்டு வைக்கலாமா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாவி நண்டு நல்ல நண்டுதான். அதை உடைக்கிற சத்தத்தில் வசனம் கேட்காது. வாள்சண்டைப் படமாக எடுங்கள், யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகஸ்ட் 6

இந்தக் கேள்வி வந்த பிறகு எனக்கே ஆசை வந்துவிட்டது. மாதக் கடைசியில் எங்கள் வீட்டில் செய்யப் போகிறோம். என் வீட்டுக்காரருக்கு ஒரு துப்பறியும் படம் வேண்டுமாம். அதில் எல்லாரும் தேநீர் மட்டும்தான் குடிக்கிறார்கள், அதுவும் ஒரு கோப்பையில் நஞ்சு. தள்ளுபடி.

நான் எடுத்தது மாயாபஜார். 1957இல் கே. வி. ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் வந்தது. கிருஷ்ணனாக என். டி. ராமாராவ், பலராமன் மகள் வத்சலாவாக சாவித்திரி, தமிழில் அவளைக் காதலிக்கிற அபிமன்யுவாக ஜெமினி கணேசன், கடோத்கஜனாக எஸ். வி. ரங்காராவ். சாப்பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. கல்யாண வீட்டுக்குச் சமைத்து வைத்த முழுப் பந்தியையும் கடோத்கஜன் தனியாளாக இருந்து தீர்க்கிறான், அதற்கு 'கல்யாண சமையல் சாதம்' என்று ஒரு பாட்டு, லட்டுகள் தாமாகவே பறந்து போய் அவன் வாய்க்குள் விழுகின்றன. கணினி இல்லாத காலத்தில் எடுத்தது. என் மகனுக்கு அந்தத் துண்டை மட்டும் காட்டினேன், "இதை எப்படிச் செய்தார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிற பெரியப்பா வருகிறார். இளவயதில் வடமோடிக் கூத்து ஆடியவர். பாரதக் கதை என்றால் சாய்வு நாற்காலியிலிருந்து எழும்பி உட்காருவார். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் பக்கத்து ஆட்களும் இங்கே வாசிப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நம் பக்கத்தில் பாரதம் புத்தகத்தில் இருக்கிற கதை மட்டும் இல்லை, கூத்திலும் கோயில் சடங்கிலும் இருக்கிறது.

படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம். அது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 7

கறுப்பு வெள்ளையா என்று முகம் சுளித்தவருக்கு: தெலுங்குப் பதிப்பை 2010இல் வண்ணமாக்கி வெளியிட்டார்கள். தெலுங்கு தெரிந்தால் அதைப் பாருங்கள். எனக்கு அந்தக் கறுப்பு வெள்ளையில் நிலவொளிப் படகுக் காட்சி போதும்.

ஆகஸ்ட் 9

நாள் குறிப்பது பற்றி. செப்டம்பர் 7 ஞாயிறு, பினரப் போயா (பௌர்ணமி விடுமுறை), அன்று வைக்கலாமே என்று தங்கச்சி சொன்னாள். போயா என்றால் இறைச்சிக் கடை பூட்டு, அது பெரிய விஷயமில்லை, முதல் நாளே வாங்கலாம். அம்மா பஞ்சாங்கக் கலண்டரை எடுத்துவந்து விரலை வைத்துக் காட்டினார். அன்று இரவு முழுச் சந்திர கிரகணம். பத்து மணிக்குச் சற்று முன்னால் பிடிக்கத் தொடங்குகிறது, நள்ளிரவு தாண்டித்தான் முழுதாய் விடும். "கிரகணத்துக்கு முன்னுக்கே சாப்பிட்டு முடிக்கோணும் புள்ளே, சமைச்சதையும் மிச்சம் வைக்கேலாது" என்றார். மிச்சம் இல்லாத விருந்து மட்டக்களப்பில் நடக்காது. ஆகவே ஆகஸ்ட் 30, சனி.

வெள்ளிக்கிழமை ஏன் இல்லை என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அன்று மரக்கறி. ஞாயிறு இரவு என்றால் மறுநாள் பள்ளிக்கூடம், அதோடு தேவாலயத்துக்குப் போகிறவர்களுக்கு அன்று காலையிலேயே அலைச்சல். சனி இரவு எல்லாருக்கும் பொதுவானது.

ஆகஸ்ட் 10

"போயா இரவில் நிலவு வெளிச்சத்தில் திரை வெளுத்துப் போகும், நாளை மாற்றியது நல்லது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நிலவைக் குறை சொல்லாதீர்கள். பூரண நிலவு உச்சியில் நின்றாலும் தரையில் விழுவது கால் லக்ஸ் (ஓர் இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம்தான். சின்னப் புரொஜெக்டர் ஒன்று 200 லூமன்ஸ் (அது தருகிற மொத்த ஒளி) உண்மையிலேயே தந்தால், 100 அங்குலத் திரையில் எழுபது லக்ஸ் வருகிறது. நிலவு அதில் ஒரு துளி. எதிரி தெருவிளக்கு. எங்கள் வாசலுக்கு நேரே ஒன்று நிற்கிறது, எல்.இ.டி. போட்ட பிறகு வளவுக்குள் பேப்பர் வாசிக்கலாம். அதனால் வளவில் இல்லை, பின்பக்க விறாந்தையில்.

ஆகஸ்ட் 14

புரொஜெக்டர். கேட்டவர்கள் நிறைய, ஆகவே கொஞ்சம் நீளமாக.

பெட்டியில் ஆயிரக்கணக்கில் லூமன்ஸ் அச்சடித்திருப்பார்கள். அதை நம்பி வாங்க வேண்டாம். 'ஏ.என்.எஸ்.ஐ. லூமன்ஸ்' (ஒரு தரமுறைப்படி அளந்த எண்) என்று தனியாக எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பெட்டிகளில் அது சில நூறாகத்தான் இருக்கும், சிலவற்றில் எழுதியே இருக்காது, எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அதேபோல '1080பி (முழு எச்.டி.) சப்போர்ட்' என்றால் அந்த அளவுப் படத்தை உள்ளே எடுக்கும் என்று மட்டும்தான் அர்த்தம், சுவரில் அந்தத் தெளிவு விழும் என்று இல்லை. 'நேட்டிவ்' (பெட்டியின் சொந்தத் தெளிவு) என்கிற இடத்தில் என்ன எண் என்று கேளுங்கள். கடைக்காரர் அதைச் சொல்லாமல் வேறு எதையாவது சொல்லத் தொடங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பெரிதாகப் போட ஆசைப்படாதீர்கள். திரையின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும், அதே வெளிச்சம் நாலு மடங்கு இடத்தில் பரவுகிறது. 100 அங்குலம் என்றால் அகலம் 221 சென்ரிமீற்றர், உயரம் 125. ஒரு விறாந்தைக்கு அது தாராளம்.

1957 படம் அகலத்திரைப் படம் இல்லை. பழைய சதுரத்துக்குக் கிட்டிய வடிவம். 125 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அகலம் 170தான் வரும், இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். "திரையில் ஏதோ பிழை" என்று யாராவது ரிமோட்டை எடுத்து இழுத்து விரிப்பார்கள், விடாதீர்கள், சாவித்திரி குண்டாகிவிடுவார்.

வெள்ளைக் கட்டில் விரிப்பை இழுத்துக் கட்டலாம், ஆனால் வெளிச்சத்தில் ஒரு பங்கு பின்பக்கம் போய்விடும், காற்று வந்தால் கடோத்கஜன் வயிறு தானாக ஆடும். சுண்ணாம்பு அடித்த மட்டச் சுவர் அதைவிட நல்லது. எங்கள் விறாந்தைச் சுவரில் ஆணியும் ஒரு சுவாமிப் படமும் இருந்தன. படம் சாமியறைக்குப் போனது, ஆணி அப்படியே நிற்கிறது, துரியோதனன் சபையில் ஒரு கறுப்புப் பொட்டு.

ஆகஸ்ட் 15

எனாமல் அடித்த சுவர் என்றால் வேண்டாம். மினுங்கும்.

ஆகஸ்ட் 18

சாப்பாடு. அந்தப் பாட்டில் பஜ்ஜி வருகிறது, சொஜ்ஜி வருகிறது, புளியோதரை, சாம்பார், பூரிக் கிழங்கு எல்லாம் வருகின்றன. சமையல் பட்டியலை எழுதித் தந்த மாதிரித்தான். ஆனால் அது தமிழ்நாட்டுப் பந்தி. நம் வீட்டில் புளியோதரை யார் செய்கிறார்கள்? அம்மாவிடம் சொன்னேன், "சோத்துக்குள்ள புளியா, கறி எங்க?" என்றார்.

என்றாலும் யோசித்துப் பார்த்தால் இந்தக் காரியத்துக்குப் புளியோதரைதான் தோது. காலையில் செய்து வைத்தால் இரவுக்கு இன்னும் ருசிக்கும். புளியும் நல்லெண்ணெயும் இருப்பதால் இந்த வெக்கையிலும் சட்டென்று பழுதாகாது. தேங்காய்ப்பால் விட்ட கறியைப் பாருங்கள், பகல் செய்து வைத்தால் இரவில் மணம் மாறிவிடும். மூன்று மணி நேரப் படம் போடுகிற ஆள் குசினிக்குள் நின்றுகொண்டிருக்க முடியாது.

ஒரு சுண்டு அரிசிக்கு ஒரு தேசிக்காய் அளவு பழப்புளி. திக்காகக் கரைத்து, நல்லெண்ணெயில் கடுகு, செத்தல் மிளகாய், கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுத் தாளித்து, கரைசலை ஊற்றி எண்ணெய் மேலே பிரிகிற வரைக்கும் வற்ற விடுங்கள். அவசரப்பட்டால் பச்சைப்புளி வாடை நிற்கும். வறுத்த வெந்தயத்தூள் கடைசியில், ஒரு சிட்டிகை. கச்சான் போடுவதென்றால் தனியாக வறுத்துப் பரிமாறும்போது தூவுங்கள், முதலே போட்டால் ஊறி மெத்தென்று போய்விடும். சோறு ஆறிய பிறகு பிரட்ட வேண்டும், உதிரியாக வடித்த சம்பா நல்லது. குத்தரிசியில் செய்யாதீர்கள், கொழுக்கட்டைதான் வரும்.

பூரி இல்லை. பத்துப் பேருக்கு மேல் பூரி சுட ஓர் ஆள் அடுப்படியில் நிற்க வேண்டும், அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19

"முழுக்க மரக்கறியா? மட்டக்களப்பா இது?" என்று கேட்டவருக்கு. பொறுங்கள், முடிக்கவில்லை.

காத்தான்குடியிலிருந்து என் சிநேகிதி குடும்பத்தோடு வருகிறாள். கோழி அவள் வீட்டிலிருந்து, அவள் கையால். நான் வாங்கிச் சமைத்து 'ஹலால்தான், நம்பு' என்று சொல்வதைவிட இது இரண்டு பேருக்கும் நிம்மதி. வட்டிலப்பமும் கொண்டுவருகிறாள், அது முதல் நாளே அவித்து வைப்பது, அடுத்த நாள்தான் ருசியே. முட்டை இருக்கிறது என்று மரக்கறிக்காரருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பறங்கி அன்ரி லவ் கேக் செய்கிறார், ரவையும் கஜுவும் போட்டு. கடோத்கஜன் காலத்தில் அது இருந்ததா என்று யாரும் கேட்கக் கூடாது.

அவள் ஒன்று சொன்னாள், எனக்கு அதுவரை தோன்றவில்லை: மஃரிப் (பொழுது சாய்ந்ததும் தொழுவது) தொழுதுவிட்டுத்தான் கிளம்ப முடியும், நடுவில் இஷா என்கிற இரவுத் தொழுகைக்கு நேரம் வேண்டும். இங்கே சூரியன் ஆறே கால் போல இறங்கிவிடும். படம் ஏழுக்குத் தொடங்கினால் இடைவேளை எட்டரை, இஷா அப்போது தாராளமாகத் தொழலாம். முன் அறையைக் கூட்டி, ஒரு புதுப் பன்பாயை விரித்து வைக்கிறேன். இடைவேளையில் சாப்பாடு என்கிற என் கட்சிக்கு இன்னொரு ஓட்டு.

ஆகஸ்ட் 21

ஒரு சிக்கல். அந்தப் பாட்டு இடைவேளைக்கு முன்னால் இல்லை. இரண்டாம் பாதியில் நன்றாகத் தள்ளித்தான் வருகிறது. அப்படியென்றால் நாம் எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்து, வயிறு நிறைந்து சாய்ந்திருக்கும்போதுதான் அவன் சாப்பிடத் தொடங்குவான்.

பாட்டுக்கு முன்னால் படத்தை நிறுத்திப் பந்தி போடலாமே என்றார் இவர். அதுவரைக்கும் மணி பத்தாகிவிடும். பெரியப்பாவுக்குச் சீனி வருத்தம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். பிள்ளைகள் எட்டு மணிக்கே குசினிப் பக்கம் வந்து நிற்கும்.

முடிவு: தொடங்கும்போது கையில் கச்சான், பிளேன்டீ. இடைவேளையில் சோறு. பாட்டு வரும்போது மட்டும் பஜ்ஜி, சொஜ்ஜி, லட்டு. முள் இல்லை, குழம்பு இல்லை, இருட்டில் ஒரு கையால் எடுத்து வாயில் போடலாம். முதல் குறிப்பில் படம் ஓடும்போது சோறு கறி வேண்டாம் என்றுதானே சொன்னேன், பஜ்ஜி சோறும் இல்லை கறியும் இல்லை.

ஆகஸ்ட் 25

சத்தம் பற்றிக் கேட்டவருக்கு. புளூடூத் ஸ்பீக்கர் வைத்துப் பார்த்தோம். ரங்காராவ் வாயை மூடிய பிறகு சிரிப்பு வருகிறது. புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தித்தான் வரும், பாட்டுக் கேட்க அது தெரியாது, படத்தில் உதட்டோடு பார்க்கும்போது தெரிந்துவிடும். ஒரு சாதாரண ஓடியோ வயர் போட்டவுடன் சரியாகிவிட்டது. ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வையுங்கள், புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஆள் முன்னால் பேசச் சத்தம் பின்னால் வந்தால் வயதானவர்களுக்குச் சொல் விளங்காது.

படத்தை முதலே இறக்கி பென் டிரைவில் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை இரவில் இணையம் சுற்றிக்கொண்டே நிற்கும்.

ஆகஸ்ட் 27

நுளம்பு. விறாந்தை மூலைகளில் சுருள், கதிரைகளுக்குக் கீழே மேசை மின்விசிறி. சுருளைப் புரொஜெக்டருக்கு முன்னால் வைக்காதீர்கள், ஒளிக்கற்றையில் புகை நெளிவது அழகாகத்தான் இருக்கும், படம் மங்கிவிடும். இவர் கேட்டார், மாயா லோகம்தானே, புகை இருந்தால் என்ன என்று.

2022 மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் ஒன்று மூலையில் கிடக்கிறது, அதற்குச் சார்ஜ் ஏற்றியாயிற்று.

ஆகஸ்ட் 31

நடந்துவிட்டது. பாத்திரங்கள் இன்னும் கிணற்றடியில்.

ஏழுக்கு என்று சொன்னது ஏழரைக்குத் தொடங்கியது, அது கணக்கில் இருந்ததுதான். பிள்ளைகள் முன்னால் பாயில், நாங்கள் கதிரையில், பெரியப்பா சாய்வு நாற்காலியில். முதல் அரை மணி நேரம் எனக்குப் பயம். பிள்ளைகள் நெளிந்தார்கள், ஒருவன் "ஏன் எல்லாரும் பாடுகிறார்கள்?" என்றான். கடோத்கஜன் வந்ததும் அடங்கினார்கள். அந்த உடம்பும் அந்தச் சிரிப்பும் வந்தால் எந்தப் பிள்ளையும் அடங்கும்.

இடைவேளையில் வாழையிலை போட்டோம். காத்தான்குடிச் சிநேகிதி பெரிய சஹன் தட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தாள், அவர்கள் விருந்துகளில் சில பேர் சுற்றி இருந்து ஒரே தட்டில் சாப்பிடுவார்களே, அது. பெரியவர்கள் சிலருக்கு அப்படிப் பகிர்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை, ஆகவே அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு மலை புளியோதரை, நடுவில் குழி, குழிக்குள் கோழிக் குழம்பு. புளியோதரைக்குக் கோழிக் குழம்பு ஊற்றினதைத் தமிழ்நாட்டு ஆட்கள் வாசித்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், எங்கள் ஊரில் அது நன்றாகவே இருந்தது. வீட்டில் சோற்றோடு மல்லுக்கட்டுகிற என் மகன், மற்றவன் முந்திவிடுவான் என்று தன் பக்கத்துச் சோற்றைக் கையால் அணைகட்டிக்கொண்டு சாப்பிட்டான். கோழிக் காலுக்காக இரண்டு பேர் சண்டை. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

அம்மா இரண்டாம் தரமும் புளியோதரை போட்டுக்கொண்டார். அது பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம் என்று வைத்த இடைவேளை ஒன்றேகால் மணி நேரமானது. காரணம் பெரியப்பா. சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர், "இந்த வத்சலா கலியாணம் வியாசர் பாரதத்தில இல்ல, அதில அபிமன்யுவுக்கு உத்தரைதான்" என்றார். அது உண்மைதான், இது வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கதை. "சரி, அபிமன்யு மறுகா என்ன ஆவான்?" என்று ஒரு பிள்ளை கேட்க, அவர் பதின்மூன்றாம் நாள் போருக்குப் போய்விட்டார். சக்கரவியூகம். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது. நாற்காலியில் இருந்தபடியே வரவுப் பாட்டு (கூத்தில் பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுவது) ஒன்றை எடுத்தார், குரல் முதலில் பிடிக்கவில்லை, ஒரு மிடறு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்ப எடுத்தார், பிடித்தது. மத்தளத்துக்குப் பதிலாக நாற்காலிக் கையில் தாளம். இஷா முடித்து வந்த சிநேகிதியின் கணவர் வாசற்படியிலேயே நின்று கேட்டார். பக்கத்து வீட்டு அன்ரி தன் பங்குக்கு ஒரு கஃப்ரிஞ்ஞா (பறங்கியரின் ஆட்டப்பாட்டு) பாடப் போனார், அதற்குள் நான் படத்தைப் போட்டுவிட்டேன், இல்லையென்றால் விடிந்திருக்கும்.

அப்புறம் அந்தப் பாட்டு. மணி பதினொன்றை நெருங்கியிருந்தது. பஜ்ஜியைச் சுட்டு மூடி வைத்திருந்தேன், மொறுமொறுப்பு போய்விட்டது, பரவாயில்லை. யாருக்கும் பசியில்லை. என்றாலும் அவன் அங்கே அள்ள அள்ள, இங்கேயும் கை தட்டுக்குப் போகிறது. பிள்ளைகள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு லட்டை மேலே எறிந்து பிடித்தார்கள், பிடித்ததைவிடப் பாயில் விழுந்தது கூட. லட்டு கடையில் வாங்கியது, உதிர்ந்தால் எறும்பு வரும், இன்று காலை வந்துவிட்டது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் முடிந்தது. இரண்டு பிள்ளைகளும் என் அத்தானும் தூக்கம்.

செப்டம்பர் 2

"இடைவேளையில் கூத்து நடந்தால் படம் எதற்கு?" என்று கேட்டிருக்கிறீர்கள். படம் இல்லாமல் "பாடுங்கள் பெரியப்பா" என்று கேட்டிருந்தால் அவர் பாடியிருக்கமாட்டார். போன தைப்பொங்கலுக்குக் கேட்டோம், தொண்டை சரியில்லை என்றார்.

செப்டம்பர் 4

மறுயோசனை. மூன்று மணி நேரப் படத்தை இனிப் போடமாட்டேன். சாப்பாடும் பேச்சும் சேர்ந்தால் இரண்டு மணி நேரப் படமே மூன்றரை மணி நேரம் எடுக்கும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிறதாகப் பாருங்கள்.

பஜ்ஜியும் வேண்டாம். எண்ணெய்ச் சட்டியில் போட்டு உடனே சாப்பிடுகிற எதுவும் இந்தக் காரியத்துக்குச் சரிவராது. அதற்குப் பதில் சட்டித் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் மரத்துப் பாகு) வைத்திருக்கலாம், கரண்டியோடு ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு வேலையும் இல்லை. பாட்டில் தயிர் இல்லையே என்பீர்கள். பாட்டில் லவ் கேக்கும்தான் இல்லை.

லவ் கேக் முதலில் முடிந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 5

இலையை என்ன செய்தீர்கள் என்று கேட்டவருக்கு: பக்கத்து வளவு மாடு.

செப்டம்பர் 9

அக்கரைப்பற்றுக்காரர் திரும்ப வந்திருக்கிறார். புரொஜெக்டரை வாங்காமல் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கலாமா என்கிறார். எடுக்கலாம், அதுதான் புத்தி. ஆனால் முதல் நாள் மாலையே எடுத்து, உங்கள் சுவரில் உங்கள் படத்தைப் போட்டுப் பாருங்கள். இங்கே ஒரு கடையில் ஒருவருக்குக் கொடுத்த பெட்டியில் நடுவில் ஒரு மஞ்சள் பூ, அவர் அதைப் பார்த்தது எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகு. திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தூரத்தில் வைக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 1.2 என்றால் 100 அங்குலப் படத்துக்கு இரண்டரை மீற்றருக்குக் கொஞ்சம் கூட வேண்டும், உங்கள் அறை அவ்வளவு நீளமா? எச்.டி.எம்.ஐ. வயர் உங்களுடையதைக் கொண்டுபோங்கள், அவர்கள் தருவது எப்போதும் ஒரு முழம் குறைவாக இருக்கும். ரிமோட்டுக்குப் பேட்டரி.